துணைநின்றவள், விட்டுவந்தவள்

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் முதுகலை மாணவி. அமெரிக்க அதிபர் வேட்பாளராகக் களத்தில் இருந்த பில் கிளிண்டன்மீது திருமணத்துக்கு வெளியிலான உறவு பற்றிய குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அவரும் ஹிலாரி கிளிண்டனும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அருகருகே அமர்ந்து பதில் சொன்னார்கள். டாமி வைனெட்டைப் போலக் கணவனுக்குத் துணைநின்றுகொண்டிருக்கும் சாதாரணப் பெண்ணாகத் தான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்ற பொருளில் ஹிலாரி ஒரு வாக்கியம் சொன்னார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது டாமி வைனெட் யாரென்று எனக்குத் தெரியாது. 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' என்ற பாட்டைப் பாடியவர், கணவனோடு நில் என்று பெண்களுக்குப் புத்தி சொன்னவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு போதுமாக இருந்தது. 'பதிவிரதைகளுக்கு ஓர் அமெரிக்கப் பாட்டு' என்று விடுதியின் சுவர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினேன். தோழிகள் பாராட்டினார்கள். பாட்டைக் கேட்காமலேயே எழுதினேன் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை மட்டுமல்ல, அதே தலைப்பில் 1969 ஜனவரியில் வெளியான முழு ஆல்பத்தையும் கேட்க எனக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் நானே ஒரு வீட்டை விட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, வேறொரு வீட்டுக்கு வந்திருந்தேன். ஆல்பத்தின் முதல் பாட்டு எனக்குத் தெரிந்ததுதான். பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கியபோது 'ஐ ஸ்டேய்ட் லாங் எனஃப்' என்று இன்னொரு தலைப்பு இருந்தது. போதுமான காலம் இருந்துவிட்டேன் என்று பொருள். கணவனோடு நில் என்ற அதே குரல் அதே இசைத்தட்டின் அதே பக்கத்தில், நின்றது போதும் என்றும் சொல்கிறது. முதல் பாட்டு உலகம் முழுக்கப் போனது. இரண்டாவது பாட்டைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரை அந்த அரைப் பக்கத்துக்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வர்ஜீனியா வைனெட் பியூ 1942 மே 5 அன்று மிசிசிப்பி மாநிலத்தில், ட்ரெமோன்ட் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தவர். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே அப்பா மூளைக்கட்டியால் இறந்துபோனார். போர்க்காலம். அம்மா மெம்ஃபிஸ் நகரில் தளவாடத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். குழந்தை தாத்தா பாட்டியின் பருத்திக் காட்டில் வளர்ந்தது, கை வளர்ந்ததும் பருத்தி எடுத்தது. பதினேழு வயதில், பள்ளிப் படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது திருமணம். பிறகு முடிதிருத்தும் தொழிலைப் படித்து உரிமம் வாங்கினார். மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது குறைமாதத்தில் பிறந்து மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தது. அந்தக் குழந்தை பிறந்த காலத்தில் முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்தது. 1966இல் மூன்று குழந்தைகளோடு நாஷ்வில் நகரத்துக்கு வந்து, இசைத்தட்டு நிறுவனங்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

எபிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் கதவைத் திறந்தார். அவரே பெயரையும் மாற்றினார். குதிரைவால் போட்டிருந்த இந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஒரு திரைப்படத்தில் டெபி ரெனால்ட்ஸ் நடித்த டாமி என்ற பாத்திரம் அவருக்கு நினைவுக்கு வந்ததாம். வைனெட் என்ற நடுப்பெயர் அவருடைய சொந்தப் பெயர், அது மிஞ்சியது. கன்ட்ரி இசையில் பெண்களுக்குப் பெயர் சூட்டுவது ஆண்களின் வேலையாகவே இருந்திருக்கிறது. இவருக்கு முந்திய தலைமுறையின் கிட்டி வெல்ஸ் பிறந்தது மியூரியல் டீசனாக. கணவர் ஜானி ரைட் ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பெயர்தான் கிட்டி வெல்ஸ்.

அந்தக் கிட்டி வெல்ஸைக் கடந்து இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1952இல் ஹாங்க் தாம்ப்ஸனின் ஒரு பாட்டு வெற்றிபெற்றிருந்தது. மதுக்கூடத்துப் பெண்ணாக மாறிவிட்ட ஒருத்தியைக் குறைசொல்லும் பாட்டு. அதற்குப் பதிலாக, அப்படிப்பட்ட பெண்கள் உருவாவதற்குத் திருமணமான ஆண்களின் ஏமாற்றுத்தான் காரணம் என்று சொல்லும் ஒரு பாட்டை ஜே.டி. மில்லர் எழுதினார். கிட்டி வெல்ஸ் அதைப் பாட ஒப்புக்கொண்டது கொள்கைக்காக அல்ல. ஒலிப்பதிவுக் கூலி 125 டாலர் கிடைக்கும் என்பதற்காக. பாட்டை என்பிசி வானொலி தடைசெய்தது. இருந்தும் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். பதிலடி கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பாடியவருக்கே இல்லை. கேட்ட பெண்களுக்கு இருந்திருக்கிறது. இந்த வகை இசையின் வரலாற்றை வாசிக்கும்போது இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாடியவர் என்ன நினைத்தார் என்பது ஒரு கணக்கு, அடுப்படியில் வானொலி வைத்துக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறொரு கணக்கு.

இனி 1968 ஆகஸ்ட் 28. நாஷ்வில்லில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் அரைவட்டக் கூரை போட்ட ஒரு தகரக் கொட்டகையில் இயங்கியது. ஓர் அமர்வு என்பது மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டுகளை முடித்தாக வேண்டும். அன்று இன்னொரு பாட்டு தேவைப்பட்டது. ஷெரில் மனதில் ஒரு தலைப்பு வெகுநாளாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து சுமார் பதினைந்து நிமிடத்தில் பாட்டை எழுதி முடித்தார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று என்று வைனெட் பின்னாளில் சலித்துக்கொண்டதுண்டு.

அங்கிருந்து பத்து நாள் தள்ளி, செப்டம்பர் 7 அன்று, அட்லான்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டிக்கு வெளியே பெண்ணியக் குழுக்கள் மறியல் செய்தன. உள்ளாடை, குதிகால் செருப்பு, சுருட்டுமுள், மகளிர் இதழ்கள் எல்லாவற்றையும் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார்கள். அதே செப்டம்பரில் வைனெட்டின் பாட்டு வெளியானது. பெண் விடுதலை இயக்கத்தில் உடன்பாடில்லாத பெண்களுக்கான பாட்டு என்று ஷெரில் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். ஆக அது அப்பாவிப் பாட்டு அல்ல, அரசியல் தெரிந்தே செய்த சரக்கு. பாட்டு கன்ட்ரி பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, பொதுப் பட்டியலில் 19ஆம் இடம்வரை வந்தது. 1975இல் பிரிட்டனில் மறுபடி வெளியிட்டபோது அங்கேயும் முதலிடம்.

ஆனால் அந்த மாதத்தில் பட்டியலில் இருந்தது அது மட்டும் அல்ல. குட்டைப் பாவாடை அணியும் ஒரு விதவைத் தாய், தன்னைக் குறைசொன்ன பெற்றோர் சங்கத்தின் யோக்கியதையை அவர்கள் கூட்டத்துக்கே போய் அம்பலப்படுத்தும் 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' பாட்டை ஜீனி சி. ரைலி பாடியிருந்தார். 1968 செப்டம்பரில் பொதுப் பட்டியல், கன்ட்ரி பட்டியல் இரண்டிலும் அதற்கு முதலிடம். அதற்கு முந்திய ஆண்டு, குடித்துவிட்டு வந்து கட்டிலுக்கு அழைக்காதே என்று கணவனிடம் சொல்லும் லொரெட்டா லின்னின் பாட்டு முதலிடத்தில் இருந்தது. ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே பெண்கள் இவற்றையெல்லாம் வாங்கினார்கள். துணைநில் என்ற பாட்டை வாங்கியவள் அடிமை, குடித்துவிட்டு வராதே என்ற பாட்டை வாங்கியவள் போராளி என்று பிரித்துவைக்க முடியாது. இரண்டு பேரும் பெரும்பாலும் ஒருத்தியேதான்.

பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அது அறிவுரையில் தொடங்குவதில்லை, முறையீட்டில் தொடங்குகிறது. பெண்ணின் பாடு கடினம், அவனுக்குக் கிடைக்கும் சுகம் இவளுக்குக் கிடைப்பதில்லை, அவன் செய்வது இவளுக்குப் புரிவதுமில்லை. இதை வைனெட் தாழ்ந்த குரலில், பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலி ஓரம் நின்று சொல்வதுபோல் பாடுகிறார். பல்லவி வரும்போதுதான் குரல் ஒரேயடியாக மேலே எழுகிறது, பின்னணிப் பாடகர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், பீட் டிரேக்கின் ஸ்டீல் கிதார் இழுத்து அழுகிறது. ஷெரில் கையாண்ட உத்தி இது. சரணத்தை அடக்கி, பல்லவியை வெடிக்கவிடுவது. அவர் அலபாமாவில் ஒரு மதபோதகரின் மகன். பிரசங்கத்தில் குரல் எப்போது உயர வேண்டும் என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டவர். ஆக, அறிவுரை சத்தமாகவும் முறையீடு மெதுவாகவும் நம் காதில் விழுகின்றன. சத்தமானது நினைவில் நிற்கிறது. ஆணைப் பற்றிய இரக்கம் கலந்த ஓர் ஏளனமும் அதில் உண்டு: அவன் ஆண்தானே, அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்ற தொனி. நம் பாட்டிகள் பேசிக் கேட்ட தொனிதான். அது விடுதலையின் குரல் என்று நான் சொல்ல மாட்டேன். ஏளனம் செய்துகொண்டே சோறு போடுவதைத்தான் எத்தனையோ தலைமுறைகள் செய்திருக்கின்றன. ஆனால் அது பக்தியின் குரலும் அல்ல.

இந்தப் பாட்டை எழுதிய மாதங்களில் வைனெட் தன் இரண்டாவது திருமணத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். ஆல்பம் கடைக்கு வந்த அடுத்த மாதம், 1969 பிப்ரவரியில், புகழ்பெற்ற பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸை மூன்றாவதாக மணந்தார். அதற்கும் முன்னால், 1968இன் முதல் பாதியில் வெளிவந்து முதலிடம் பிடித்த பாட்டின் பெயர் 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ'. நான்கு வயது மகனுக்குப் புரியக் கூடாது என்பதற்காக மணமுறிவு என்ற சொல்லை அம்மா எழுத்துக்கூட்டியே சொல்லும் பாட்டு. பாபி பிராடக், கர்லி புட்மன் என்ற இரண்டு ஆண்கள் எழுதியது. கேட்டபோது எனக்கு ஆண்கள் எழுதியது என்று தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் குழந்தைகள் முன்னால் இப்படிப்பட்டவற்றை ஆங்கிலத்துக்கு மாறிச் சொல்வார்கள். நானும் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் அப்படித்தான் பேசினேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஆங்கிலம் நன்றாகவே புரிந்தது என்று வெகுகாலம் கழித்துச் சொன்னாள்.

1967இல் வந்த இன்னொரு பாட்டில், அப்பா அம்மா விளையாட்டுக்கு வர மாட்டேன் என்று ஒரு சிறுமி பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்வதைத் தாய் ஒட்டுக்கேட்கிறாள். தன் வீட்டில் அந்த விளையாட்டு எப்படி முடிந்தது என்பதை அந்தச் சிறுமி பார்த்திருக்கிறாள். வைனெட்டுக்கு முதல் கிராமி விருதைத் தந்தது இந்தப் பாட்டுதான். மணமுறிவை இவ்வளவு தொடர்ச்சியாக, அதுவும் குழந்தையின் காது இருக்கும் உயரத்திலிருந்து பாடிய வேறொரு பாடகியை எனக்குத் தெரியாது. இல்லற பக்தியின் அடையாளம் என்று நாம் ஒதுக்கிவைத்த பெண்ணின் உண்மையான பாடுபொருள், இல்லறம் உடைவது.

அதற்குக் கேட்பவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு 1960இல் 2.2 ஆக இருந்த மணமுறிவு விகிதம் 1970இல் 3.5 ஆனது, 1980இல் 5.2. குற்றம் நிரூபிக்காமலேயே மணமுறிவு பெறலாம் என்ற சட்டத்தில் 1969இல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். அவரும் மணமுறிவு பெற்றவர் என்பது உபரித் தகவல். அதுவரை நீதிமன்றத்தில் யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டியிருந்தது. விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது? கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் அட்டை தர மறுத்த நிறுவனங்கள். அந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் சம கடன்வாய்ப்புச் சட்டம் 1974இல்தான் வந்தது. இந்தப் பின்னணியில் துணைநில் என்ற அறிவுரைக்கு இன்னொரு பொருளும் உண்டு: போக இடம் இல்லாதவள் தன் இருப்புக்குத் தானே சூட்டிக்கொள்ளும் கௌரவமான பெயர் அது. அப்படி ஒரு பெயர் இல்லாமல் பல காலைகளைக் கடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகள் நான் அதற்குப் 'பொறுப்பு' என்று பெயர் வைத்திருந்தேன்.

வைனெட்டுக்குப் போக இடம் இருந்தது, பணமும் புகழும் இருந்தன. 1968 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது அவருக்குத்தான். ஆனாலும் பாட்டு அவரை விடவில்லை. ஜார்ஜ் ஜோன்ஸோடு மேடையில் நின்று, திருமண உறுதிமொழிகளையே பாட்டாக்கிய 'தி செரிமனி' என்ற இணைப்பாட்டைப் பாடினார்கள். ரசிகர்கள் காசு கொடுத்து அந்தத் திருமணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டிலோ ஜோன்ஸின் குடி. கார் சாவிகளை ஒளித்துவைத்தபோது புல்வெட்டும் இயந்திரத்தில் ஏறி மதுக்கடைக்குப் போனார் என்ற கதை பிரசித்தம். வைனெட் ஒரு முறை நடந்ததாகச் சொல்கிறார், முந்தைய மனைவியின் காலத்தில் நடந்ததாக ஜோன்ஸ் எழுதியிருக்கிறார். பிறகு அது பாட்டுப் படங்களிலும் சுவரோவியங்களிலும் நகைச்சுவையாகவே இடம்பெற்றுவிட்டது. அந்த ஓவியங்களில் புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது, தொப்பியோடு ஜோன்ஸ் இருக்கிறார். இரவில் வீடெல்லாம் சுற்றிச் சாவிகளைப் பொறுக்கி ஒளித்துவைத்த பெண் இல்லை.

1975இல் இருவரும் பிரிந்தார்கள். பிரிந்த மறு ஆண்டு, ஒரு மோதிரம் கடையிலிருந்து கைக்கு வந்து மறுபடி கடைக்கே திரும்பும் கதையைச் சொல்லும் 'கோல்டன் ரிங்' என்ற இணைப்பாட்டை இருவரும் சேர்ந்து பாடினார்கள். அதுவும் முதலிடம். அழுகையை விற்கத் தெரிந்த தொழில் அது. நான்காவது திருமணம் 44 நாளில் முடிந்தது. ஐந்தாவது, 1978இல் ஜார்ஜ் ரிச்சி என்ற இசைக்கலைஞரோடு, சாகும்வரை நீடித்தது. இடையில் எண்ணற்ற அறுவை சிகிச்சைகள், வலிநிவாரணிகளுக்கு அடிமைப்பட்ட ஆண்டுகள். இவற்றை வைத்து அவர் பாட்டைப் பொய் என்று நிரூபிக்கும் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. ஐந்து கணவர்களைக் கண்டவள் துணைநிற்கச் சொல்கிறாளே என்ற கிண்டல். எனக்கு அந்தக் கிண்டலில் ஒரு பழைய வாடை அடிக்கிறது. ஒரு பெண் எத்தனை பேரை மணந்தாள் என்று விரல்விட்டு எண்ணும் வாடை.

1992 பேட்டிக்கு வைனெட் கோபமாகவே பதிலளித்தார். தன்னையும் தன் பாட்டை நேசித்தவர்களையும் ஹிலாரி அவமதித்துவிட்டதாகக் கடிதம் எழுதினார், ஹிலாரி மன்னிப்புக் கேட்டார். யேல் சட்டக் கல்லூரிப் பட்டதாரி ஒருவர் தன்னைப் பிரித்துக்காட்டுவதற்குப் பருத்தி எடுத்த, முடிதிருத்திய பெண்ணின் பெயரைப் பயன்படுத்தினார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேட்டியில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹிலாரி. பலமுறை எழுந்து போனவர் வைனெட். இருந்தவர் இருப்பதற்கு அவருடைய நியாயங்கள் இருந்திருக்கும். அதை நான் விசாரிக்க விரும்பவில்லை. என் அரைப் பக்கமும் அதே காரியத்தைத்தான் செய்தது. படிக்காத பெண்கள் கேட்கும் பாட்டு என்று ஒதுக்கி, என்னை அவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டேன். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். முப்பது வருடம் துணைநின்றவர். அந்தச் சுவர்ப் பத்திரிகையைப் பெருமையோடு அவருக்கும் காட்டினேன். படித்துவிட்டு, "அவளுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான்கு பெண்கள். முதல் திருமணத்தில் மூவர், ஜோன்ஸோடு ஒருத்தி.

புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் வைனெட் தன் முடிதிருத்தும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பாட்டு கைவிட்டால் கத்தரிக்கோல் இருக்கும் என்ற எண்ணம். ஆண்கள் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதுதான் பதிலாக இருந்திருக்க வேண்டும். மாணவிகளிடம் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பாட்டின் வரிகளைவிட அதுதான் அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் இடம்பெறுகிறது.

1998 ஏப்ரல் 6 அன்று, 55 வயதில், வீட்டு சோபாவில் தூக்கத்திலேயே இறந்தார். மறு ஆண்டு மகள்கள் சந்தேகம் கிளப்பி உடலைத் தோண்டியெடுத்து ஆய்வு செய்ய வைத்தார்கள். நாஷ்வில்லில் உள்ள அவர் கல்லறையில் 'டாமி வைனெட்' என்று பொறித்திருந்தது. 2012இல் அதை அகற்றி 'வர்ஜீனியா டபிள்யூ. ரிச்சர்ட்சன்' என்று மாற்றினார்கள். ஐந்தாவது கணவரின் சட்டப்பூர்வக் குடும்பப் பெயர் ரிச்சர்ட்சன். தேடி வந்த ரசிகைகள் அந்தக் கல்லைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்துபோயிருப்பார்கள். 2014இல் பழைய பெயரைத் திரும்பவும் பொறித்தார்கள்.